பேசாத மென்பொருளைத் திரைவாசிப்பானால் இயக்குதல்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பார்வையற்றோருக்குக் கணினியில் உள்ளதைக் குரலில் சொல்லும் நிரலான திரைவாசிப்பான், திரையைப் பார்த்துப் படிப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது மென்பொருளிடம் கேட்டுத்தான் பேசுகிறது. ஃபோகஸ் (நாம் அழுத்தும் விசைகளை ஏற்கும் இடம்) இப்போது எந்த உறுப்பில் இருக்கிறது, அதன் பெயர் என்ன, அது பொத்தானா தேர்வுப் பெட்டியா, அதற்குள் என்ன மதிப்பு இருக்கிறது என்று இயங்குதளத்தின் அணுகல் இடைமுகங்கள் வழியாக அது கேட்கிறது. மென்பொருள் விடை தந்தால் நமக்குப் பேச்சு, தராவிட்டால் மௌனம். விண்டோசில் 1997இல் வந்த ஆக்டிவ் அக்சஸிபிலிட்டி, விஸ்டா காலத்தில் வந்த யுஐ ஆட்டோமேஷன், ஜாவா மென்பொருள்களுக்கான ஜாவா அக்சஸ் பிரிட்ஜ் ஆகிய எல்லாம் இந்தக் கேள்வி பதிலுக்கான பாதைகளே. ஆகவே ஒரு மென்பொருள் சரியாகப் பேசவில்லை என்றால் முதலில் கண்டறிய வேண்டியது இதுதான்: மென்பொருள் விடையே தரவில்லையா, தந்த விடை அரைகுறையானதா, அல்லது விடை இருந்தும் நாம் அந்த இடத்தில் நிற்கவில்லையா? மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. இதைப் பிரித்தறியாமல் கையில் கிடைத்த விசைகளையெல்லாம் அழுத்திப் பார்ப்பதில்தான் நம்முடைய நேரம் பெரிதும் வீணாகிறது.

கீழே சொல்லப்படும் விசைகள் விண்டோசில் இயங்கும் என்விடிஏ திரைவாசிப்பானுக்கு உரியவை. என்விடிஏ விசை என்பது பொதுவாக இன்சர்ட். அமைப்பில் மாற்றியிருந்தால் கேப்ஸ் லாக். எண்பலகை விசைகளைச் சொல்லும் இடங்களில் நம் லாக் (Num Lock) விசை அணைந்திருக்க வேண்டும். அது எரிந்துகொண்டிருந்தால் கட்டளைக்குப் பதிலாக எண்கள் தட்டச்சாகிவிடும். கணக்கு மென்பொருளில் இது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

என்விடிஏ விசையுடன் டி அழுத்தி, முன்னால் இருக்கும் சாளரத்தின் தலைப்பைக் கேளுங்கள். நாம் எதிர்பார்த்த சாளரம் முன்னால் இல்லை என்பதே பல நேரங்களில் சிக்கலாக இருக்கும். அடுத்து என்விடிஏ விசையுடன் டேப் அழுத்தினால் ஃபோகஸ் நிற்கும் உறுப்பை அது சொல்லும். எதுவுமே ஒலிக்கவில்லை என்றால் பேச்சு முறை மாறியிருக்கலாம். என்விடிஏ விசையுடன் எஸ் அழுத்தி அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். திரைவாசிப்பானே தடுமாறியிருப்பதாகத் தோன்றினால் கன்ட்ரோல், ஆல்ட், என் ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தி அதை மீண்டும் தொடங்கலாம்.

இவற்றுக்குப் பிறகும் குழப்பம் இருந்தால் இரண்டாவது சாட்சி ஒன்றைக் கேட்பது நல்லது. என்விடிஏவை மூடிவிட்டு, விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தி, விண்டோசிலேயே உள்ள நரேட்டரை இயக்கி அதே இடத்துக்குச் செல்லுங்கள். நரேட்டர் சரியாகப் படித்தால் மென்பொருள் விடை தருகிறது, நம் திரைவாசிப்பானின் அமைப்பில்தான் ஏதோ கோளாறு என்று பொருள். இரண்டும் ஒரே இடத்தில் மௌனமானால் குறை பெரும்பாலும் மென்பொருளுடையது. பின்னால் தயாரிப்பாளருக்கு எழுதும்போது இந்த ஒரு சோதனையின் முடிவு மிகவும் பயன்படும்.

அறிகுறி: சாளரம் திறக்கிறது, ஆனால் உள்ளே எதுவும் பேசவில்லை

தலைப்பு மட்டும் ஒலித்து, டேப், அம்புக்குறி எதற்கும் பதில் வராத நிலை இது. பெரும்பாலும் இதற்கு நான்கு காரணங்களில் ஒன்று இருக்கும்.

முதலாவது, மென்பொருள் நிர்வாகி உரிமையுடன் இயங்கிக்கொண்டிருக்க, என்விடிஏ நிறுவப்படாத கையடக்கப் பிரதியாக இருப்பது. சாதாரண உரிமையில் இயங்கும் கையடக்கப் பிரதியால் அத்தகைய சாளரங்களுக்குள் நுழைய முடியாது. முறையாக நிறுவிய பிரதிக்கு இந்தத் தடை இல்லை. நிறுவல் நிரல்களை ஓட்டும்போது மட்டும் பேச்சு நின்றுபோகிறது என்று சொல்பவர்களிடம், பென் டிரைவிலிருந்து இயக்குகிறீர்களா என்று முதலில் கேட்கிறேன். பெரும்பாலும் ஆம் என்றுதான் பதில் வருகிறது.

இரண்டாவது, மென்பொருள் உண்மையில் ஒரு குரோமியம் உலாவியை உள்ளடக்கி, மேசைக்கணினிச் செயலி போல வேடமிட்டிருப்பது. எலக்ட்ரான் முறையில் கட்டப்பட்ட செயலிகள் இந்த வகை. திரைவாசிப்பான் இருப்பதை உணர்ந்த பிறகே இவை அணுகல் தகவலைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. சில செயலிகள் அதை உணரத் தவறுகின்றன. செயலியின் ஷார்ட்கட் மீது ஆல்ட் விசையுடன் என்டர் அழுத்தி, பண்புகள் பெட்டியில் உள்ள இலக்கு வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு, ஃபோர்ஸ், ரெண்டரர், அக்சஸிபிலிட்டி என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் சிறிய எழுத்தில், முன்னால் இரண்டு சிறுகோடுகளும் சொற்களுக்கிடையே ஒவ்வொரு சிறுகோடும் இட்டுச் சேர்த்தால், அணுகல் தகவலைத் தயாரிக்கும்படி செயலியைக் கட்டாயப்படுத்தலாம். வெற்றுப் பலகையாக இருந்த சாளரம் இந்த ஒரே மாற்றத்தால் தலைப்புகளும் பொத்தான்களுமாகப் பேசத் தொடங்குவதுண்டு.

மூன்றாவது, ஜாவாவில் எழுதப்பட்ட மென்பொருள். ஜாவா 7இன் ஆறாவது புதுப்பிப்பு முதல் அக்சஸ் பிரிட்ஜ் ஜாவாவுடனேயே வருகிறது. ஆனால் அதை இயக்கிவிட வேண்டும். கட்டளைச் சாளரத்தில் ஜேப்ஸ்விட்ச் (jabswitch) என்ற கட்டளையை, ஒரு சிறுகோட்டுடன் எனேபிள் என்ற சொல்லைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, மென்பொருளையும் திரைவாசிப்பானையும் மூடித் திறக்க வேண்டும். சில மென்பொருள்கள் தமக்கென்று தனி ஜாவாவைத் தம் கோப்புறைக்குள்ளேயே வைத்திருக்கும். அப்போது அந்தக் கோப்புறைக்குள் உள்ள ஜேப்ஸ்விட்சைத்தான் இயக்க வேண்டும்.

நான்காவது காரணம், மென்பொருள் தன் பொத்தான்களையும் எழுத்துகளையும் ஓவியம் போலத் தானே வரைந்துகொண்டு, இயங்குதளத்துக்கு எதையும் தெரிவிக்காமல் இருப்பது. இதற்கு அமைப்பில் மாற்ற ஒன்றும் இல்லை. படத்தில் உள்ள எழுத்துகளை உணர்ந்து படிக்கும் எழுத்துணரி (ஓசிஆர்) ஒன்றே வழி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அறிகுறி: பொத்தான், பொத்தான், பொத்தான்

நாம் அதிகம் எதிர்கொள்வதும், மற்றவற்றைவிட ஆபத்தானதும் இதுதான். ஃபோகஸ் செல்கிறது, வகை தெரிகிறது, பெயர் மட்டும் இல்லை. நான் பணிக்குப் பயன்படுத்திய ஒரு கணக்குப் பதிவு மென்பொருளின் மேல்பட்டையில் பெயரில்லாத ஏழு பொத்தான்கள் வரிசையாக இருந்தன. மூன்றாவது சேமிப்பது, நான்காவது அழிப்பது. எண்ணிக்கொண்டே டேப் அழுத்திச் செல்லும் பழக்கத்தில் ஒரு நாள் எண்ணிக்கை ஒன்று தவறியது. அரை மணி நேரம் உள்ளிட்ட பதிவு, உறுதிக் கேள்வி எதுவும் இல்லாமல் மறைந்தது. அன்று முதல், பெயரில்லாத பொத்தானை எண்ணிக்கையை நம்பி அழுத்துவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். மற்றவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

பெயரைக் கண்டுபிடிக்கப் பல வழிகள் உண்டு, பாதுகாப்பானதிலிருந்து தொடங்குவோம். ஆல்ட் விசையை அழுத்தி மெனுவைத் திறந்து, அந்தப் பொத்தான் செய்யும் வேலை மெனுவில் பெயருடன் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டையில் படமாக மட்டும் இருப்பது மெனுவில் எழுத்தாக இருப்பது வழக்கம். பக்கத்திலேயே அதன் குறுக்குவிசையும் சொல்லப்படும். அந்தக் குறுக்குவிசையை மனப்பாடம் செய்துகொண்டால் பட்டையின் பக்கமே போக வேண்டியதில்லை.

மெனு இல்லை என்றால், சுட்டியை வைத்தால் தோன்றும் சிறு விளக்கத்தைப் பிடிக்க முயலலாம். என்விடிஏ அமைப்பில் உறுப்புகளை அறிவிக்கும் பகுதியில் டூல்டிப்களைப் படிக்கும் தேர்வை இயக்கிக்கொள்ளுங்கள். பிறகு பொத்தானில் ஃபோகஸ் இருக்கும்போது என்விடிஏ விசையுடன் எண்பலகையின் வகுத்தல் குறியை (மடிக்கணினி அமைப்பில் என்விடிஏ, ஷிஃப்ட், எம்) அழுத்தினால் சுட்டி அந்தப் பொத்தானின் மேல் வந்து நிற்கும். ஓரிரு நொடி காத்திருங்கள். பார்வையுள்ள பயனருக்கென்று எழுதிவைத்த விளக்கம் அப்போது நமக்கும் ஒலிக்கக்கூடும்.

அதுவும் பலிக்கவில்லை என்றால், என்விடிஏ விசையுடன் எஃப்1 அழுத்துங்கள். பதிவேட்டுச் சாளரம் திறந்து, அந்த உறுப்பைப் பற்றி என்விடிஏ அறிந்த அனைத்தையும் வரிவரியாகக் காட்டும். பெயர் என்ற வரி வெறுமையாக இருந்தாலும், அந்தச் சாளர உறுப்பின் வகுப்புப் பெயரும் கட்டுப்பாட்டு எண்ணும் அதில் இருக்கும். எனது மென்பொருளின் ஏழு பொத்தான்களுக்கும் ஏழு வேறு எண்கள் இருந்தன. மென்பொருளை மூடித் திறந்தாலும், சாளரத்தின் அளவை மாற்றினாலும் அவை மாறவில்லை. அப்படி நிலையாக இருக்கும் எண் கிடைத்தால் நிரந்தரத் தீர்வுக்கே வழி பிறக்கிறது. என்விடிஏ பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. குறிப்பிட்ட மென்பொருளின் இயக்கக் கோப்பின் பெயரிலேயே ஒரு சிறு பைத்தான் கோப்பை எழுதி, இந்த எண் உள்ள உறுப்புக்கு இந்தப் பெயரைச் சொல் என்று கட்டளையிடலாம். மேம்பட்ட அமைப்புகளில் ஸ்கிராட்ச்பேட் கோப்புறையிலிருந்து நிரல்களை ஏற்றும் தேர்வை இயக்கி, அதன் உட்கோப்புறையில் அந்தக் கோப்பை வைத்தால் போதும். பத்துப் பதினைந்து வரிகளுக்கு மேல் போகாது. நிரல் எழுதத் தெரிந்த நண்பர் ஒருவர் ஒரு மாலையில் செய்து தரக்கூடிய வேலை. அதன் பயனோ அந்த மென்பொருளைப் பயன்படுத்தும் காலம் முழுவதும் இருக்கும். ஜாஸ் திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர்கள் இன்சர்ட்டுடன் ஜி அழுத்தி, பெயரில்லாத படங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டிக்கொள்ளலாம்.

அறிகுறி: திரையில் இருப்பதாகச் சொல்கிறார்கள், டேப் அங்கே செல்லவில்லை

பக்கத்தில் இருப்பவர், கீழே வலப்பக்கம் பொத்தான் இருக்கிறதே என்பார். நாம் டேப் அழுத்தி முழுச் சுற்றும் வந்துவிட்டோம், அப்படி ஒன்று இல்லை. இங்கே மென்பொருள் விடை தரத் தயாராக இருக்கிறது; ஆனால் விசைப்பலகை ஃபோகஸ் செல்லும் வரிசையில் அந்த உறுப்பைச் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

எஃப்6 விசை பல மென்பொருள்களில் ஒரு பலகத்திலிருந்து அடுத்த பலகத்துக்கு நகர்த்தும். கன்ட்ரோலுடன் டேப் அழுத்தினால் தாவல்கள் மாறும். இவற்றை முதலில் முயலுங்கள். பலிக்கவில்லை என்றால், ஃபோகசை விட்டுவிட்டு உறுப்பு வழிப் பயணத்துக்கு மாற வேண்டும். என்விடிஏ திரையில் உள்ளவற்றை ஒரு குடும்ப மரம் போல வைத்திருக்கிறது. என்விடிஏ விசையுடன் எண்பலகையின் 8 தாய் உறுப்புக்கும், 2 முதல் பிள்ளைக்கும், 4, 6 ஆகியவை முன்பின் உடன்பிறப்புகளுக்கும் கொண்டுசெல்லும். மடிக்கணினி அமைப்பில் என்விடிஏ, ஷிஃப்ட் ஆகியவற்றுடன் நான்கு அம்புக்குறிகள் இதே வேலையைச் செய்யும். தேடிய பொத்தான் கிடைத்ததும் என்விடிஏ விசையுடன் எண்பலகை என்டரை (மடிக்கணினி அமைப்பில் என்விடிஏ, என்டர்) அழுத்தினால் அது இயங்கும். இயங்க மறுத்தால், முன்சொன்னபடி சுட்டியை அங்கே வரவழைத்து, எண்பலகையின் வகுத்தல் குறியை மட்டும் தனியாக அழுத்தி இடச்சொடுக்குச் செய்யுங்கள்.

புதிதாகக் கற்பவர்கள் இந்த மரத்தில் வழி தவறுவது இயல்பு. என்விடிஏ விசையுடன் எண்பலகையின் கழித்தல் குறியை அழுத்தினால் ஃபோகஸ் இருக்கும் இடத்துக்கே திரும்பிவிடலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பயமின்றி உலவலாம். அப்படியும் உறுப்பு கிடைக்கவில்லை என்றால், மேற்பார்வைச் சுட்டி அமைப்பில் உள்ள எளிய முறைத் தேர்வை அணைத்துவிட்டுத் தேடுங்கள். பயனற்றவை என்று கருதப்படும் அடுக்குகளை அந்த எளிய முறை மறைத்துவிடுகிறது. மோசமாகக் கட்டப்பட்ட மென்பொருளில் நமக்கு வேண்டியதும் சில நேரம் அவற்றோடு மறைந்துபோகிறது.

இதற்கு நேரெதிரான அறிகுறி, ஒரு பெட்டிக்குள் சென்ற ஃபோகஸ் வெளியே வர மறுப்பது. ஷிஃப்டுடன் டேப், எஃப்6, கன்ட்ரோலுடன் டேப், எஸ்கேப் என்ற வரிசையில் முயலுங்கள். எஸ்கேப்பைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம், சில மென்பொருள்களில் அது பெட்டியையே மூடி, உள்ளிட்டதை அழித்துவிடும்.

அறிகுறி: பட்டியலில் நகர்கிறேன், வரிகள் ஒலிக்கவில்லை

கீழ் அம்புக்குறியை அழுத்தும்போது ஒன்றுமே ஒலிக்காமலோ, முதல் நெடுவரிசை மட்டும் ஒலித்தோ நிற்கும் அட்டவணைகள் இவை. பழைய முறையில் எழுத்துகளை வரையும் மென்பொருள்களில், என்விடிஏ விசையுடன் எண்பலகையின் 7ஐ அழுத்தி, திரை மேற்பார்வை என்று ஒலிக்கும் வரை சென்றால், எண்பலகையின் 7, 8, 9 ஆகியவற்றால் திரையில் தோன்றும் வரிகளை மேலிருந்து கீழாகப் படிக்க முடியும். புதிய வரைகலை முறைகளைப் பயன்படுத்தும் மென்பொருள்களில் இது பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும்.

என் அனுபவத்தில், இத்தகைய அட்டவணையோடு நெடுநேரம் போராடுவதைவிட அதன் உள்ளடக்கத்தை வெளியே எடுத்துவருவதே மேல். ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறதா என்று கோப்பு மெனுவில் தேடுங்கள். சிஎஸ்வி கோப்பாகவோ எக்செல் கோப்பாகவோ கிடைத்தால், பேசும் மென்பொருள் ஒன்றில் அதைத் திறந்து நிம்மதியாகப் படிக்கலாம். ஏற்றுமதி இல்லாவிட்டாலும், கன்ட்ரோலுடன் ஏ, கன்ட்ரோலுடன் சி அழுத்தி, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வாய் திறக்காத அட்டவணையும் நகலெடுக்கும்போது எழுத்தாக வந்து விழுவதுண்டு.

அறிகுறி: ஏதோ நடந்தது, என்னவென்று தெரியவில்லை

சேமிக்கும் கட்டளையைக் கொடுத்தோம், மௌனம். சேமித்ததா, பிழையா? என்விடிஏ விசையுடன் எண்ட் அழுத்தினால் (மடிக்கணினி அமைப்பில் ஷிஃப்டையும் சேர்த்து) அடியில் உள்ள நிலைப்பட்டை படிக்கப்படும். பல மென்பொருள்கள் தம் செய்திகளை அங்கேதான் போடுகின்றன. என்விடிஏ விசையுடன் பி அழுத்தினால் முன்னால் உள்ள சாளரத்தின் உள்ளடக்கம் முழுவதும் படிக்கப்படும். ஃபோகஸ் பெறாத பிழைச் செய்திகள் இதில் சிக்கும். மாறும் உள்ளடக்கத்தை அறிவிக்கும் தேர்வு அணைந்திருந்தால் என்விடிஏ விசையுடன் 5 அழுத்தி இயக்கிக்கொள்ளுங்கள். பிழையுள்ள பெட்டியைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டும் படிவங்களில் இவை எதுவும் உதவாது. சேமித்த பதிவை மூடித் திறந்து பார்ப்பதே அங்கு உறுதியான சோதனை.

அறிகுறி: குறுக்குவிசை வேலை செய்யவில்லை, எழுத்து தட்டச்சாகவில்லை

உலாவியை உள்ளடக்கிய செயலிகளில், ஓர் எழுத்தை அழுத்தினால் அது தட்டச்சாகாமல் படிக்கும் இடம் வேறெங்கோ தாவினால், திரைவாசிப்பான் வாசிப்பு முறையில் இருக்கிறது. என்விடிஏ விசையுடன் ஸ்பேஸ் அழுத்தி ஃபோகஸ் முறைக்கு மாறுங்கள். மென்பொருளின் குறுக்குவிசை திரைவாசிப்பானின் கட்டளையோடு மோதினால், என்விடிஏ விசையுடன் எஃப்2 அழுத்திவிட்டு அந்த விசையை அழுத்துங்கள். அது திரைவாசிப்பானைக் கடந்து நேரே மென்பொருளுக்குச் செல்லும்.

அறிகுறி: தமிழ் எழுத்து திரையில் சரியாக இருக்கிறது, காதில் பொருளற்று ஒலிக்கிறது

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் உள்ளிட்ட பழைய ஆவணங்களிலும் மென்பொருள்களிலும் இது நேரும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது. திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் படிக்கிறது. உரையை நகலெடுத்து எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடாக்கினால் தீரும். யூனிகோடு உரையே மௌனமாகக் கடந்துபோனால், தேர்ந்தெடுத்த குரலுக்குத் தமிழ் தெரியாது என்று பொருள். என்விடிஏவுடன் வரும் ஈஸ்பீக்கில் தமிழ் இருக்கிறது.

எதுவும் பலிக்காதபோது: எழுத்துணரியும் சுட்டியும்

முழுக்க ஓவியமாக இருக்கும் மென்பொருளில், நேவிகேட்டர் (உறுப்பு வழிப் பயணத்தில் நாம் இருக்கும் இடம்) நிற்கும் உறுப்பை என்விடிஏ விசையுடன் ஆர் அழுத்தி எழுத்துணரியிடம் கொடுக்கலாம். விண்டோஸ் 10 முதல் இந்த வசதி உண்டு. அதற்கு முன் விண்டோஸ் விசையுடன் மேல் அம்புக்குறியை அழுத்திச் சாளரத்தைப் பெரிதாக்குங்கள். திரைமறைப்பை இயக்கியிருந்தால் அணையுங்கள், ஏனெனில் திரை கறுப்பாக இருந்தால் உணர ஒன்றும் இருக்காது. உணர்ந்த உரையை அம்புக்குறிகளால் படிக்கலாம்; வேண்டிய சொல்லில் நின்று என்டர் அழுத்தினால் அந்த இடத்தில் சொடுக்கு விழும். சொல் இல்லாத படங்களை இது சொல்லாது. தேர்வுப் பெட்டி குறியிடப்பட்டிருக்கிறதா என்பதையும் நம்பிக்கையாகச் சொல்லாது.

ஒரே இடத்தில் அடிக்கடி சொடுக்க வேண்டியிருந்தால், கோல்டன் கர்சர் என்ற கூடுதல் நிரல் சுட்டியின் இடங்களைப் பெயரிட்டுச் சேமித்துத் தரும். சாளரத்தின் அளவோ திரையின் அளவீட்டு விகிதமோ மாறினால் இடம் பிசகிவிடும் என்பதால், இதை எப்போதும் கடைசி வழியாகவே வையுங்கள். அழிக்கும் பொத்தான் அருகில் இருக்கும் இடத்தில் பயன்படுத்தவே வேண்டாம்.

தயாரிப்பாளருக்கு எழுதும்போது

உங்கள் மென்பொருளைப் பார்வையற்றோர் பயன்படுத்த முடியவில்லை என்று பொதுவாக எழுதினால் நன்றி என்ற பதிலோடு முடிந்துவிடும். முதன்மைச் சாளரத்தின் மேல்பட்டையில் உள்ள, 1043 என்ற கட்டுப்பாட்டு எண் கொண்ட பொத்தானுக்கு அணுகல் பெயர் இல்லை, என்விடிஏ, நரேட்டர் இரண்டிலும் பொத்தான் என்று மட்டுமே ஒலிக்கிறது என்று எழுதினால், நிரலாளர் அந்த வரியை நேரே தேடிப் பிடிக்க முடியும். அணுகல் பெயர் என்பது பெரும்பாலான நிரலாக்கக் கருவிகளில் ஒற்றை வரியில் தரக்கூடிய பண்பு. இதையும் கடிதத்தில் சொல்லுங்கள். பெயர், வகை, மதிப்பு ஆகியவற்றைக் கருவிகள் அறியும்படி தர வேண்டும் என்பது இணைய உள்ளடக்க அணுகல் நெறிமுறைகளின் 4.1.2ஆம் விதி, விசைப்பலகையால் எல்லாம் இயங்க வேண்டும் என்பது 2.1.1. இவை இணையத்துக்கென எழுதப்பட்டவை என்றாலும், மேசைக்கணினி மென்பொருளுக்கும் இவற்றையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். மென்பொருள், விண்டோஸ், திரைவாசிப்பான் மூன்றின் பதிப்பு எண்களையும், செய்த படிகளையும், எதிர்பார்த்ததையும், காதில் விழுந்ததையும் எழுதுங்கள். ஒரு கடிதத்தில் ஒரே குறையைச் சொல்லுங்கள். முதலில் சொல்ல வேண்டியது, தவறி அழுத்தினால் தரவை அழிக்கும் பொத்தானைப் பற்றி.

புதிய பதிப்பு வந்ததும் அதே படிகளை மீண்டும் செய்து பாருங்கள். பேசிக்கொண்டிருந்தது புதுப்பிப்புக்குப் பின் மௌனமாவதும் நடக்கும் என்பதால், நன்றாக இயங்கும் பதிப்பின் நிறுவல் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள்.